அப்பாவின் இடுப்பு வலியும் எங்கள் ஊர்த் தண்ணீரும்

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு 64 வயது, மாந்தோப்பு வைத்திருக்கிறார். இருபது வயதிலிருந்து பீடி பிடித்தவர். போன வருடம் சிறுநீரில் ரத்தம் வந்தது. சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, அதை அகற்றிவிட்டு, வயிற்றில் துளை வைத்து வெளியே பை ஒட்டியிருக்கிறார்கள். தேறி நன்றாகத்தான் இருந்தார். மூன்று மாதமாக இடுப்பிலும் வலது தொடையிலும் வலி. "ஃபுளோரைடு தண்ணீர் குடித்த எலும்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் ஊரில். ஊசி போட்டுக்கொண்டார், எண்ணெய் தேய்த்துப் பார்த்தோம், குறையவில்லை. இப்போது ஸ்கேனில் இடுப்புப் பகுதி முதுகெலும்பிலும் வலது தொடை எலும்பின் மேல்பகுதியிலும் பரவியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.9. கத்தி பட்டதால் பரவிவிட்டதா? இது புதிதாக வந்த எலும்புப் புற்றுநோயா? 'கரண்ட்' (கதிர்வீச்சு) வைக்கச் சொல்கிறார்கள். உடம்பைப் பொசுக்கிவிடும் என்று அண்ணன் பயப்படுகிறார். அப்பாவிடம் எதையும் சொல்லவே கூடாது என்கிறார். எவ்வளவு காலம் இருப்பார் என்று கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. மாங்காய் பறிக்கும் நேரம், தோப்புக்குப் போயே தீருவேன் என்று நிற்கிறார் அப்பா. நாங்கள் என்ன செய்யட்டும்?

— ஓசூரிலிருந்து ஒரு மகள்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். இந்த வாரம் அப்பா தோப்புக்குப் போகக் கூடாது. காரணம் முதுகு அல்ல, தொடை. உடம்பின் முழு எடையும் இடுப்பு மூட்டுக்குக் கீழே தொடை எலும்பின் மேல்பகுதி வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது. அந்த இடத்தில் நோய் எலும்பை அரித்திருந்தால், ஏணியில் ஏறவோ கூடை தூக்கவோகூட வேண்டியதில்லை, வரப்பில் கால் சற்று மடங்கினாலே எலும்பு முறிந்துவிடலாம். கால் ஊன்றும்போதும் நடக்கும்போதும் தொடை வலிக்கிறதா, அல்லது சும்மா படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். ஊன்றினால் வலிக்கிறது என்றால் எலும்பு தாங்கவில்லை என்று பொருள்.

அதனால் கரண்ட் வைப்பதற்கு முன்பே ஓர் எலும்பு மருத்துவர் அந்தத் தொடையின் எக்ஸ்ரேயைப் பார்த்தாக வேண்டும். எந்த இடம், எவ்வளவு வலி, குறுக்களவில் எவ்வளவு பாகம் பாதிக்கப்பட்டிருக்கிறது, எலும்பு அரித்திருக்கிறதா தடித்திருக்கிறதா என்ற நான்கையும் கூட்டி 12-க்கு மதிப்பெண் போடும் ஒரு முறையை மிரெல்ஸ் என்ற மருத்துவர் 1989-இல் வகுத்தார். 9 அல்லது அதற்கு மேல் வந்தால், முறிவதற்கு முன்பே உள்ளே கம்பி வைத்துப் பலப்படுத்துவது நல்லது. முறிந்த பிறகு செய்யும் அறுவைச் சிகிச்சையைவிட இது எளிது, நோயாளி எழுந்து நடப்பதும் சீக்கிரம். கம்பி வைத்த பிறகு அந்த இடத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். அதுவரை ஊன்றுகோல் அல்லது வாக்கர். எண்ணெய் தேய்த்து நீவுவது, மிதித்து விடுவது, புத்தூர் கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம். சாதாரணச் சுளுக்குக்கு அவை எப்படியோ, அரித்துப்போன எலும்பில் அழுத்தம் கொடுப்பது ஆபத்து.

இனி, தண்ணீருக்கு வருகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணீரைப் பல தலைமுறை குடித்தோம். பழுப்பேறிய பற்களும், குனிய முடியாத முதுகுகளும் இங்கே பல கிராமங்களில் உண்டு. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது இதற்காகத்தான். ஆனால் அப்பாவின் வயதுக்காரர்கள் அதற்கு முன்பே அரை நூற்றாண்டு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டார்கள். ஆகவே "தண்ணீர் வலி" என்று ஊர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. இடுப்பு வலி என்றால் தண்ணீர்தான் என்று முடிவுகட்டி அங்கேயே நின்றுவிடுகிறோமே, அதுதான் என்னை வாட்டுகிறது.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரைச் சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் டெம்போவில் கயிற்றுக் கட்டிலோடு கொண்டுவந்தார்கள். அவருக்கும் சிறுநீர்ப்பையில் கட்டி இருந்து சிகிச்சை முடிந்திருந்தது. நான்கு மாதம் முதுகு வலி. நான்கு மாதமும் அதற்குத் தண்ணீர் வலி என்றே பெயர். கால் இரண்டும் செயலிழந்து மூன்று நாள் ஆன பிறகு வந்தார். வலியைக் குறைத்தோம். காலைத் திருப்பித் தர எங்களால் முடியவில்லை. அந்த வீட்டில் யாரும் அலட்சியக்காரர்கள் இல்லை, இரவெல்லாம் ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். இந்த நோய் எலும்புக்கும் போகும் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வலிக்கும் வேறுபாடு உண்டு. ஃபுளோரைடால் வரும் வலி பல ஆண்டுகளாக மெல்ல வளரும், இரண்டு பக்கமும் இருக்கும், விறைப்புதான் அதன் முதல் அடையாளம். நோய் பரவியதால் வரும் வலி புதியது. ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட முடியும். வாரத்துக்கு வாரம் கூடும். படுத்தால் குறைவதற்குப் பதிலாக இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். ஒரு தடவை புற்றுநோய் வந்தவருக்கு இப்படி ஒரு வலி மூன்று, நான்கு வாரம் நீடித்தாலே படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. எலும்பு ஸ்கேன் என்பது எலும்பில் எங்கே வேலை மும்முரமாக நடக்கிறதோ அங்கெல்லாம் ஒளிரும். பழைய முறிவு, மூட்டுத் தேய்மானம், ஃபுளோரைடு பாதித்த எலும்பு, எல்லாமே அதில் ஒளிரும். முதுகெலும்பில் வரும் காசநோயும் நம் நாட்டில் குறைவில்லை. எனவே முதன்முதலாகப் பரவல் என்று சொல்லும்போது, முடிந்தால் ஓர் இடத்திலிருந்து ஊசி மூலம் துணுக்கு எடுத்துப் பயாப்சி பார்ப்பது நல்லது. எம்ஆர்ஐ எடுத்தார்களா, பயாப்சி தேவையா என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ஊசி பட்டால், கத்தி பட்டால் பரவும் என்ற பயம் உங்கள் கடிதத்திலும் இருக்கிறது. அறுவைச் சிகிச்சையால் இது எலும்புக்குப் போகவில்லை. சிறுநீர்ப்பையின் தசைச் சுவருக்குள் நோய் இறங்கிவிட்டாலே, கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் அகப்படாத சில செல்கள் ரத்தத்தில் கலந்திருக்கலாம். இடுப்புக் குழியிலிருந்து முதுகெலும்பை ஒட்டி மேலே போகும் ஒரு ரத்தநாளப் பின்னல் இருக்கிறது. அந்த நாளங்களில் வால்வுகள் கிடையாது. இருமினாலும் முக்கினாலும் ரத்தம் எந்தத் திசையிலும் ஓடும். 1940-இல் பேட்சன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் இதை விளக்கினார். இடுப்புக் குழியில் பிறக்கும் புற்றுநோய்கள் இடுப்பெலும்பையும் கீழ் முதுகையும் அடிக்கடி நாடுவதற்கு இந்தப் பாதையும் ஒரு காரணம். ஆனால் போகிற செல் எல்லாம் முளைத்துவிடுவதில்லை. விதை எங்கும் விழலாம், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்று ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1889-லேயே எழுதினார். விவசாயி வீட்டுப் பெண்ணுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எலும்பு ஓயாமல் தன்னை இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும் திசு. வந்து சேர்ந்த நோய்ச் செல்கள் இடிக்கும் வேலைக்காரச் செல்களைத் தூண்டிவிடுகின்றன. இடிபடும் எலும்பிலிருந்து வெளிப்படும் சத்துகள் அந்த நோய்ச் செல்களுக்கே தீனியாகின்றன.

ஆக, இது புதிய எலும்புப் புற்றுநோய் அல்ல. எலும்பில் வந்து தங்கிய சிறுநீர்ப்பைப் புற்றுநோய். மருந்தும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குரிய மருந்துதான். இதை அண்ணனுக்கும் தெளிவாகச் சொல்லுங்கள், பலர் இங்கேதான் குழம்பி வேறு வேறு இடங்களுக்கு அலைகிறார்கள். தண்ணீரும் இந்த நோய்க்குக் காரணம் இல்லை. பீடி, சிகரெட்டுப் புகைதான் இதற்குத் தலையாய காரணம். புகையிலுள்ள நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்காகத் தேங்குகிறது. இதை வைத்து இப்போது அப்பாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அண்ணனுக்கும் அந்தப் பழக்கம் இருந்தால், வலியே இல்லாமல் சிறுநீரில் ஒரே ஒரு தடவை ரத்தம் வந்தாலும் அவர் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கரண்ட் வைப்பது பற்றி. எங்கள் பகுதியில் கதிர்வீச்சுக்கு இந்தப் பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது, பெயராலேயே பாதிப் பேர் மிரண்டு போகிறார்கள். மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது படுப்பதுபோல் மேசையில் படுக்க வேண்டும், சில நிமிடங்களில் முடிந்துவிடும், எதுவும் சுடாது. எலும்பு வலிக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே ஒரு தடவை கொடுப்பதே, பல நாள் பிரித்துக் கொடுப்பதற்கு இணையாக வலியைத் தணிக்கிறது. பின்னாளில் வலி திரும்பி, மறுபடி கொடுக்க நேரும் வாய்ப்பு மட்டும் ஒரே தடவையில் சற்று அதிகம். காவேரிப்பட்டணத்திலிருந்து பத்து நாள் அலைய முடியாத ஒரு மனிதருக்கு ஒரே நாள் சிகிச்சை பெரிய உதவி, அதைக் கேட்டுப் பெறுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் வலி சற்றுக் கூடலாம், அப்போது பயந்துவிடக் கூடாது. இடுப்பு முதுகுக்குக் கொடுத்தால் ஓரிரு நாள் குமட்டலோ வயிற்றுப்போக்கோ வரலாம். நிவாரணம் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு நான்கு வாரம் கூட ஆகலாம்.

அதுவரை வலியோடு கிடக்க வேண்டும் என்பதில்லை. இங்கே நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று: டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற வலி ஊசி, மாத்திரைகளை இன்றே நிறுத்துங்கள். கிரியேட்டினின் 1.9 உள்ளவரின் சிறுநீரகத்தை அவை மேலும் கெடுக்கும். சிறுநீரகம் கெட்டால் அவருக்குக் கொடுக்கக்கூடிய புற்றுநோய் மருந்துகளும் கையைவிட்டுப் போய்விடும். மூன்று மாதம் போட்டுக்கொண்ட ஊசிகளில் அது எத்தனை இருந்ததோ என்று நினைத்தாலே எனக்கு மனம் பதறுகிறது. சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும். அதற்கு அடங்காவிட்டால் மார்பின். பெயரைக் கேட்டதும் "அது கடைசி நேரத்து மருந்து", "அடிமையாகிவிடுவார்" என்பார்கள். வலிக்காக அளவோடு, மருத்துவர் சொல்லும் நேரத்துக்குச் சாப்பிடுபவர் அடிமையாவது அரிது. மார்பின் மலச்சிக்கலை உண்டாக்கும், ஆகவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துத் தர வேண்டும். அவருடைய சிறுநீரக நிலையில் மார்பின் உடம்பில் தேங்கும். அளவைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டித்தான் தருவார்கள், அல்லது தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை தருவார்கள். கண்ணைத் திறக்க முடியாத தூக்கம், உடல் துள்ளல் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும்.

எலும்பைப் பலப்படுத்த மாதம் ஒரு தடவை நரம்பில் ஏற்றும் ஜோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தைப் பற்றியும் சொல்வார்கள். அது முறிவுகளைக் குறைக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் கிரியேட்டினின் பார்த்துத்தான் போட வேண்டும். சிறுநீரகம் மிகவும் தளர்ந்திருந்தால் தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் உண்டு. அதில் ரத்தக் கால்சியம் இறங்கிவிடாமல் கவனிக்க வேண்டும். எதைப் போடுவதானாலும் அதற்கு முன் பல் மருத்துவரிடம் ஒரு நடை போய் வாருங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்பே பிடுங்கி ஆற வேண்டும். மருந்து தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் புண்ணாகும் அபாயம் இருக்கிறது. நாற்பது வருடம் பீடி பிடித்த வாயில் ஆடும் பல் ஒன்றாவது இல்லாமல் இருக்காது.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. முதுகெலும்பில் உள்ள நோய் பின்புறம் வளர்ந்து, கால்களுக்குப் போகும் நரம்புகளை நசுக்கலாம். வழக்கமாக இதற்கு அடையாளம் சொல்லும்போது "சிறுநீர் நின்றுபோகும்" என்பார்கள். அப்பாவுக்கு வயிற்றில்தான் பை, அவருக்கு அந்த அடையாளம் வரவே வராது. ஆகவே கால்களைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழத் தடுமாறுகிறாரா, செருப்பு நழுவியது தெரியாமல் நடக்கிறாரா, தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்திருக்கிறதா, மலம் போவது தெரியாமல் போகிறதா, இருமும்போது முதுகு வலி சுரீரென்று காலுக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து, நிமிர்ந்து படுக்கவைத்தே கொண்டுபோங்கள், பைக்கிலோ ஷேர் ஆட்டோவிலோ உட்காரவைத்து வேண்டாம். "புற்றுநோய் இருக்கிறது, கால் பலமிழக்கிறது, எம்ஆர்ஐ வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நடக்கும் நிலையில் வந்து சேருபவர் பெரும்பாலும் நடந்தே திரும்புகிறார். கால் முழுவதும் விழுந்த பிறகு வருபவர்களில் மிகச் சிலரே மறுபடி நடக்கிறார்கள்.

இன்னொன்று, அதிகத் தாகம், வாந்தி, விடாத மலச்சிக்கல், குழப்பமான பேச்சு, பகலெல்லாம் தூக்கம் இவை சேர்ந்து வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சிகிச்சையும் உண்டு. வயோதிகம் என்று விட்டுவிடக் கூடாது.

எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள். மழுப்ப மாட்டேன். எலும்புக்குப் பரவிய பிறகு இந்த நோயை முற்றிலும் ஒழிப்பது பெரும்பாலும் முடிவதில்லை. கட்டுப்படுத்தலாம். ஜெம்சிடபினோடு சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின் சேர்த்துத் தரும் கீமோதான் பல ஆண்டுகளாக வழக்கம். சிஸ்பிளாட்டினுக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும், உங்கள் அப்பாவுக்குக் கார்போபிளாட்டின்தான் பேசுவார்கள் என்று நினைக்கிறேன். என்ஃபோர்டுமாப் வெடோடின், பெம்ப்ரோலிசுமாப் என்ற இரண்டு புதிய மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024-இல் வெளியானது. அதில் கீமோ பெற்றவர்களில் பாதிப் பேர் சுமார் 16 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். புதிய மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் 31 மாதங்களுக்கு மேல். புதிய மருந்தின் விலை சாதாரணக் குடும்பம் தாங்கும் விலை அல்ல. அதற்காகத் தோப்பை விற்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்களானால், மருத்துவரிடம் முழுச் செலவையும் எழுதி வாங்காமல் ஓர் அடி நிலத்தையும் விற்காதீர்கள் என்பதுதான் என் பதில். இவை கூட்டத்தின் கணக்கு, உங்கள் அப்பாவின் கணக்கு அல்ல. முதல் இரண்டு மூன்று சுற்று மருந்துக்குப் பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அவருடைய பாதை ஓரளவு தெரியும்.

கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வீட்டுக்கே வந்து வலி நிவாரணமும் இயன்முறைப் பயிற்சியும் தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

அண்ணன் மறைக்கச் சொல்வது பாசத்தால். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தன் தொடை எலும்பு அரித்திருக்கிறது என்று தெரியாத மனிதர் ஏணி ஏறுவார், நீங்கள் எத்தனை பேர் தடுத்தாலும் ஏறுவார். கால் மரத்தால் உடனே சொல்ல வேண்டும் என்று தெரியாதவர், வீட்டுக்குத் தொல்லை வேண்டாம் என்று அதையும் பொறுத்துக்கொள்வார். அவருடைய எலும்பைக் காப்பாற்ற அவருடைய ஒத்துழைப்பு வேண்டும், அது உண்மை தெரியாமல் கிடைக்காது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "அப்பா, இந்த வலி எதனால் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். வயிற்றில் பையோடு ஒரு வருடம் வாழ்ந்தவர் ஓரளவு ஊகித்திருப்பார். "பழைய நோய் எலும்புக்கு வந்திருக்கிறது, வலிக்கும் முறியாமல் இருக்கவும் வைத்தியம் இருக்கிறது" என்பது முதல் நாளுக்குப் போதும். மேலே அவர் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் விடுங்கள். அண்ணனுக்கு வாய் வரவில்லை என்றால் மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் இருவரும் பக்கத்தில் இருங்கள்.

எலும்பு மருத்துவர் பார்த்து, தேவையானால் கம்பி வைத்து, கதிர்வீச்சும் முடிந்து, ஊன்றி நடக்கலாம் என்று அவர்கள் சொன்ன பிறகு அப்பாவைக் காரில் தோப்புக்குக் கூட்டிப்போங்கள். பைக் வேண்டாம். மேடு பள்ளமில்லாத இடமாகப் பார்த்து, சாய்மானமுள்ள நாற்காலி ஒன்றை மர நிழலில் போட்டுக் கொடுங்கள். கூலியாட்களுக்குச் சொல்லவும், எடை போடுவதைப் பார்க்கவும், பெங்களூரா மாங்காய்க்கு விலை பேசவும் அவருக்குக் கால் தேவையில்லை.